பழைய இத்தாலிய ஸ்போர்ட் பைக்: பார்த்து வாங்க, பத்திரமாக ஓட்டிவர, நிதானமாக நோண்ட

பழைய வண்டி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுதான். ஓட்டம் குறைவு என்றால் நல்ல வண்டி என்று முடிவுகட்டிவிடுகிறோம். டுகாட்டி, அப்ரிலியா, மோட்டோ குஸ்ஸி மாதிரி இத்தாலிய ஸ்போர்ட் பைக்குகளில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். கேம் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பெல்ட்), பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஆயில், டயர், பேட்டரி, ஃபோர்க் ஆயில் சீல் எல்லாமே வண்டி ஓடினாலும் நின்றாலும் வயதாகிற சாமான்கள். பத்து வருடத்தில் 8,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி, துணி போர்த்தி நிறுத்தியிருந்த வண்டி ஒரு பக்கம். 50,000 ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கிற வண்டி இன்னொரு பக்கம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கடைசியாக எதை, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கிலோமீட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வண்டி என்று முடிவெடுப்பது

முதல் இத்தாலிய வண்டியை நீங்களே பிரித்துப் பார்த்துப் பழக வேண்டும் என்ற ஆசை இருந்தால், சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள, ஏர் கூலிங் டுகாட்டியில் தொடங்குங்கள். 900 சூப்பர்ஸ்போர்ட், 1993-இல் வந்த மான்ஸ்டர் ஆகியவை அந்த வகை. இரண்டு சிலிண்டர், மொத்தம் நான்கு வால்வு, ரேடியேட்டர் கிடையாது. ஸ்பேனர் போகிற இடம் தாராளமாக இருக்கும். மோட்டோ குஸ்ஸி இன்னும் சுலபம். இரண்டு சிலிண்டர் ஹெட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால், வால்வு கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அசைக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்தே சரிசெய்துவிடலாம். செயினும் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். குஸ்ஸியின் வி11 வரிசையில் ஒரு பலவீனம் உண்டு: கியர் மாற்றும் பாகத்திலுள்ள ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைவது. அது மாற்றப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

1994-இல் மாஸ்ஸிமோ தம்புரீனி வடிவமைத்து வந்த 916-உம், அதே குடும்பத்து 748, 996, 998 வண்டிகளும் பார்க்கப் பார்க்கச் சலிக்காதவை. பராமரிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். டுகாட்டியின் டெஸ்மோ முறையில் வால்வைத் திறக்க ஒரு ராக்கர் (வால்வை அசைக்கும் சிறு நெம்புகோல்), மூட இன்னொரு ராக்கர். சாதாரண எஞ்சினில் ஸ்பிரிங் செய்கிற மூடும் வேலையை இங்கே ஒரு ராக்கர் செய்கிறது. அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு கிளியரன்ஸ் பார்க்க வேண்டும். 916-இல் எட்டு வால்வு, அதாவது 16 அளவு. பழைய மாடல்களில் இதை 10,000 அல்லது 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். பிற்கால எஞ்சின்களில் அது 24,000, 30,000 என்று நீண்டது. 2012-இல் வந்த 1199 பனிகாலேயில் கேம் பெல்ட்டே இல்லை, செயின்தான்.

பெல்ட்டும் வேண்டாம், டெஸ்மோவும் வேண்டாம், ஆனால் வேகமான வி-ட்வின் (இரண்டு சிலிண்டர் 'வி' வடிவில் நிற்கிற எஞ்சின்) வேண்டும் என்பவர்களுக்கு 1998-இல் வந்த அப்ரிலியா ஆர்எஸ்வி மில்லே நல்ல தேர்வு. ரோட்டாக்ஸ் செய்த 60 டிகிரி எஞ்சின், கேம் செயின், சாதாரண வால்வு ஸ்பிரிங். கெட்டியான எஞ்சின். எம்வி அகுஸ்தா எஃப்4 மீது கண் போனால், முதல் வண்டியாக அது வேண்டாம் என்பது என் கருத்து. பாகங்களுக்குக் காத்திருக்கும் பொறுமை வந்தபிறகு வாங்குங்கள்.

போவதற்கு முன் ஒரு போன்

விற்பவரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பில், சாவி எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற வண்டியாக இருக்கலாம். ஆறும்வரை இருந்து பாருங்கள்.

சாவியில் ஒரு கவனம். சுமார் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) உள்ள டுகாட்டிகளில் இரண்டு கறுப்புச் சாவியும் ஒரு சிவப்புச் சாவியும் வரும். கூடவே ஒரு கோட் கார்டு. சிவப்புச் சாவி இருந்தால்தான் புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த முடியும். அது தொலைந்துபோயிருந்தால், பின்னால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), டேஷ்போர்டு என்று பெரிய செலவில் போய் நிற்கலாம். சிவப்புச் சாவியும் கார்டும் இல்லாத வண்டி என்றால் விலையில் அது தெரிய வேண்டும்.

சேஸிஸ் எண் ஆவணத்தில் இருப்பதும் ஹேண்டில்பார் தண்டுக்குப் பக்கத்தில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இத்தாலியில் செய்த வண்டியின் எண் 'இசட்' என்ற எழுத்தில் தொடங்கும். டுகாட்டி என்றால் இசட்-டி-எம், மோட்டோ குஸ்ஸி என்றால் இசட்-ஜி-யு. பொறித்த எழுத்தைச் சுற்றி உரசல், புதுப் பெயிண்ட் தெரிந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

வண்டியைச் சுற்றி வருவது

முதலில் கேம் பெல்ட். பெல்ட் உள்ள டுகாட்டிகளில் எஞ்சினின் வலது பக்கத்தில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். சில ஆலன் போல்ட்தான், விற்பவர் சம்மதித்தால் கழற்றிப் பார்க்கலாம். ஃபேரிங் (வெளிப்புற உறை) உள்ள வண்டியில் அதைக் கொஞ்சம் விலக்க வேண்டியிருக்கும். பெல்ட்டின் ஓரம் பிய்ந்திருக்கிறதா, பல்லின் அடியில் வெடிப்பு உண்டா, ஆயில் பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பார்வைக்கு நன்றாக இருப்பது மட்டும் போதாது. பழைய மாடல்களுக்கு இரண்டு வருடம் அல்லது 20,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது கணக்கு. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். தேதியுள்ள பில் இல்லையென்றால், பெல்ட் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'போன வருடம்தான் மாற்றினேன்' என்ற வாய்வார்த்தையைப் பில்லாக எண்ண வேண்டாம்.

அடுத்து ஃபிரேம். 1990-களின் தொடக்கத்து 900 சூப்பர்ஸ்போர்ட்டில் ஹேண்டில்பார் தண்டைச் சுற்றி ஃபிரேம் வெடித்ததுண்டு. வெல்டிங்கை ஒட்டிப் பெயிண்டில் முடிபோல ஒரு கோடு, அதில் துரு கசிந்த நிறம் தெரிகிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள். அதே காலத்து ஏர் கூலிங் எஞ்சின்களில் சிலிண்டர் ஸ்டட் உடைவதும் தெரிந்த நோய்தான். விழுந்த வண்டியா என்று கண்டுபிடிக்க ஃபேரிங்கைப் பார்த்துப் பயனில்லை, அதை மாற்றிவிடலாம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கிற ஸ்டாப்பரைப் பாருங்கள். அது நசுங்கியோ வளைந்தோ இருந்தால் வண்டி பலமாக அடிபட்டிருக்கிறது.

2003-க்குப் பிறகு வந்த பல மாடல்களில் டேங்க் பிளாஸ்டிக். எத்தனால் கலந்த பெட்ரோலில் நாளடைவில் அது உப்பும். டேங்கின் முன்பக்கம் ஃபிரேமிலோ ஹேண்டிலிலோ இடிக்கிறதா, மவுண்டிங் போல்ட் துளை விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் பட்டன் தேயாமல் புத்தம்புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருந்தால் அந்த டயரை நம்பி வளைவில் சாய்க்க முடியாது.

இனி ஸ்டார்ட் செய்யலாம். பட்டனை அழுத்தும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் அசையாமல் நின்றால், ஸ்டார்ட்டரை எஞ்சினோடு இணைக்கிற ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மில்லேயில் பேட்டரி பலமில்லாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இது சீக்கிரம் கெடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, 4,000 ஆர்பிஎம்-மில் அளவெடுங்கள். ஏறக்குறைய 13.5-இலிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் ரெகுலேட்டர் (சார்ஜைக் கட்டுப்படுத்துவது), ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) அல்லது நடுவில் கருகிப்போன கனெக்டர், மூன்றில் ஒன்று. பழைய இத்தாலிய வண்டிகளின் மின்சாரக் கோளாறு என்று ஊர் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூன்றும், துருப்பிடித்த எர்த் வயரும்தான்.

புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்துவது டிரை கிளட்ச் சத்தம். நியூட்ரலில் கிளட்ச் லீவரைப் பிடித்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரிச் சத்தம் வரும். அது இயல்பு, ஆயில் இல்லாமல் ஓடுகிற கிளட்ச் பிளேட்டுகள், அவற்றைத் தாங்கும் கூடையான பாஸ்கெட்டின் பள்ளங்களில் ஆடுகின்றன. லீவரை விட்டதும் சத்தம் பெரிதும் அடங்க வேண்டும். அடங்காமல் அப்படியே கடகடத்தால் பாஸ்கெட்டின் விளிம்புகள் தேய்ந்து குழி விழுந்திருக்கும். கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியையும் பாருங்கள். உள்ளே ஆயில் கறுத்து, அளவும் குறைந்திருந்தால், முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்திலுள்ள கிளட்ச் சிலிண்டர் கசிகிறது.

ஒன்றை மட்டும் வெளியே நின்று கண்டுபிடிக்கவே முடியாது. 916 குடும்பத்து எஞ்சின்களில் ராக்கரின் மேல் பூசிய குரோம் உரிந்துவரும். வால்வு மூடியைத் திறந்தால்தான் தெரியும். கடைசி வால்வு சர்வீஸ் பார்த்த மெக்கானிக்குடன் போனில் பேச முடிந்தால், ராக்கர் எப்படி இருந்தது என்று நேரடியாகவே கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக் கட்டாயம் நினைவிருக்கும்.

விலை பேசும்போது

பெல்ட், எல்லா ஆயிலும், பேட்டரி, டயர். இவற்றில் எதற்குப் பில் இல்லையோ அதன் செலவை ஒரு தாளில் கூட்டி, அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இருக்கிற பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, சர்வீஸுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுவதைவிட, ஒரு படி எளிய மாடலை வாங்கி முறையாகச் செலவழிப்பது நல்லது. காப்பீடு, பெயர் மாற்றம் எல்லாம் உங்கள் ஊர் விதிப்படி முடிந்தபிறகுதான் சாலையில் இறக்க வேண்டும்.

வீட்டுக்கு ஓட்டிவருவது

பெல்ட்டின் வயது தெரியாவிட்டால் ஓட்டாதீர்கள், ஏற்றிவாருங்கள். வண்டி நீண்ட காலம் நின்றிருந்தாலும் அப்படியே. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எஞ்சின் போனால் ஆகிற செலவுக்கு முன் ஏற்றும் செலவு சிறியது.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஓட்டலாம் என்றால், கிளம்புமுன் டயர் காற்று, எஞ்சின் ஆயில், பிரேக், செயின் தளர்வு ஆகியவற்றைப் பாருங்கள். மில்லேயில் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது, அதை எஞ்சின் சூடானபிறகுதான் பார்க்க வேண்டும். ஆலன் கீ செட், பிளையர், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், டார்ச் ஒரு பையில் இருக்கட்டும்.

916 போன்ற வண்டிகளில் சைடு ஸ்டாண்டு, பாரம் விலகியதும் தானாகவே மேலே மடங்கிவிடும். இது தெரியாமல் பெட்ரோல் பங்கில் வண்டியைச் சற்று நிமிர்த்திவிட்டு, ஸ்டாண்டு கீழேதான் இருக்கிறது என்று மறுபடி சாய்த்தால் வண்டி நேராகத் தரைக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் குனிந்து கண்ணால் பார்த்தபிறகு சாயுங்கள்.

ஹேண்டில் திரும்பும் அளவும் குறைவு. குறுகிய இடத்தில் ஓட்டியபடி திரும்ப முயலாமல், இறங்கித் தள்ளித் திருப்புங்கள். முழுக்கத் திருப்பும்போது கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டும், கவனம்.

பெரிய வி-ட்வின் எஞ்சினுக்கு 3,000 ஆர்பிஎம்-முக்குக் கீழே ஓடுவது பிடிக்காது. உதறும், செயின் துள்ளும். உயர்ந்த கியரில் மெதுவாகப் போவதைவிட ஒரு கியர் குறைத்து 4,000 பக்கம் வைத்துக்கொண்டால் வண்டி மெத்தென்று போகும். பிரெம்போ பிரேக் முதல் தொடுதலிலேயே பிடிக்கும் என்பதால் இரண்டு விரல் போதும். நெரிசலில் நிற்கும்போது வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதும் ஃபேன் ஓடுவதும் சகஜம், கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் உடனே கொதித்துவிடாது. ஃபேன் ஓடியும் எண் ஏறிக்கொண்டே போனால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். ஆயில் கசிவு, தளர்ந்த போல்ட், பெட்ரோல் வாசனை. பல மாடல்களில் பெட்ரோல் முள் கிடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அந்த விளக்கும் வேலை செய்கிறதா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஆகவே சீக்கிரமே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நோண்ட ஆரம்பிக்கலாம்

முதலில் அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலும், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு நல்ல டார்க் ரெஞ்சும். எஞ்சின் கேஸ் எல்லாம் அலுமினியம். கை பலத்தை நம்பி இறுக்கினால் மரை கழன்றுவிடும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இரண்டு டார்க் ரெஞ்ச் வாங்கலாம்.

முதல் வேலை எஞ்சின் ஆயில். சூடாக இருக்கும்போது வடித்துவிட்டு, டிரெயின் போல்ட்டை எடுத்துப் பாருங்கள். காந்தம் உள்ள போல்ட் என்றால் அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் மை போன்ற ஒரு பசை ஒட்டியிருக்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் நெருடாமல் வழுக்க வேண்டும், அது சாதாரணத் தேய்மானம். வெளிச்சத்தில் மின்னுகிற செதில், நகத்தால் பொறுக்கியெடுக்கக்கூடிய துண்டு எது வந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். அந்தப் போல்ட் ஒன்று உங்களுக்குச் சொல்வதை எந்த விற்பவரும் சொல்ல மாட்டார்.

பிரேக், கிளட்ச் இரண்டிலும் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். டப்பா மூடியில் எழுதியிருக்கிற வகைதான், பெரும்பாலும் டாட் 4. அப்புறம் பேட்டரியிலிருந்து ஃபிரேமுக்கும் எஞ்சினுக்கும் போகிற எர்த் இணைப்புகளைக் கழற்றி, பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து மறுபடி மாட்டுங்கள். அரைநாள் வேலைதான். ஸ்டார்ட் ஆவதிலேயே வித்தியாசம் தெரியும்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள டுகாட்டிகள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள் இருக்கும். கண்ணில் படாத இடம் என்பதால் பல வருடம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதை மாற்றும்போது உள்ளே இருக்கிற ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள். கடையில் பெட்ரோல் ஹோஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். வெளிப்பக்கமும் பெட்ரோலில் மூழ்கியிருக்கத் தகுந்த ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஹோஸ் டேங்குக்குள் ஊறிப் பிளந்துவிடும். அப்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தும் வண்டி நடுவழியில் நிற்கும்.

ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் கை) உள்ள வண்டியில் செயினை இறுக்குவது தனி விதம். பின் ஹப்பை இறுக்கிப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, கொக்கி ஸ்பேனரால் ஹப்பையே சுற்ற வேண்டும். மையம் விலகிய ஹப் என்பதால் சுற்றச் சுற்றச் சக்கரம் பின்னால் நகரும். சக்கரத்தைக் கையால் உருட்டி, செயின் எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளவு பாருங்கள். அந்த வேலையோடு ஹப்பைக் கழற்றி கிரீஸ் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பெல்ட் மாற்றுவதை இரண்டு வால்வு எஞ்சினில் வீட்டிலேயே செய்யலாம். எஞ்சினைக் கையால் சுழற்றி, பெல்ட் புல்லிகளிலும் எஞ்சினிலும் உள்ள குறிகளை ஒத்துவைத்து, பெயிண்டால் அடையாளமிட்டு, ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் பெல்ட்டை மட்டும் கழற்றுங்கள். இழுவிசைக்கு மேனுவல் சொல்கிற முறையைப் பின்பற்றுங்கள். மாட்டியபிறகு ஸ்டார்ட்டரைத் தொடாமல், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் முட்டாமல் சுற்றி, குறிகள் பழைய இடத்துக்கே வந்தால்தான் பிளக்கைப் போட வேண்டும்.

டெஸ்மோ வால்வு கிளியரன்ஸை அளந்து பார்ப்பது வரை நீங்களே செய்யலாம், ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பொறுமையும் இருந்தால் போதும். ஷிம் (கிளியரன்ஸைச் சரிசெய்யும் சிறு உலோகத் துண்டு) மாற்றுவதை முதல் தடவை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். மூடும் பக்கத்தில் ஷிம்மை மாட்டியிருக்கிற அரைவட்டக் கொக்கிகள் மிகச் சிறியவை. கைதவறி எஞ்சினுக்குள் விழாமல், ஆயில் வழியும் துளைகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். கிளியரன்ஸ் சரியானபிறகுதான் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிற இரண்டு த்ராட்டில் பாடியையும் சமப்படுத்த வேண்டும். வரிசையை மாற்றினால் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

இதெல்லாம் முடிந்து வண்டி ஒரு சீசன் ஒழுங்காக ஓடட்டும், மாற்றங்களை அப்புறம் யோசிக்கலாம். முதலில் செய்யத்தக்கது முன் ஸ்ப்ராக்கெட். பல டுகாட்டிகளில் வருகிற 15 பல்லை எடுத்துவிட்டு 14 போட்டால் முதல் கியர் ஊருக்குள் பழகுவதற்கு இதமாகிவிடும். செலவும் கொஞ்சம்தான். சைலன்சர் மாற்றும் ஆசையைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். காற்றுப்போக்கு மாறினால் பெட்ரோல் கலவையும் மாற வேண்டும், அதற்கு ஈசியு-வில் மேப்பிங் (கலவை அளவுகளை மாற்றி எழுதுவது) செய்தாக வேண்டும். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே சைலன்சரை மாற்றியிருந்தால், ஒரிஜினல் சைலன்சரையும் பழைய சிப்பையும் வண்டியோடு சேர்த்தே கேட்டு வாங்கி வையுங்கள். ஐடிலிங்கில் வண்டி திக்குமுக்காடினால், கலவைதான் காரணமா என்று அவற்றைத் திரும்ப மாட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.